ஸ்கா என்கிற ஜமைக்காத் துள்ளல் இசையை வாசித்த இங்கிலாந்துக் குழு ஸ்பெஷல்ஸ் திரும்ப வந்தபோது நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கிடங்கு வேலைக்காரன்:
2009, கோவென்ட்ரி ரிக்கோ அரீனா ஸ்டேடியம். குழு உடைந்து 28 வருடம் கழித்துச் சொந்த ஊருக்கு வந்திருந்தார்கள். என்னை இழுத்துப்போனவர் எங்கள் சூப்பர்வைசர், மொட்டைத் தலை வெள்ளைக்காரர். சின்ன விளிம்புத் தொப்பி ஒன்றை பாலிதீன் பையில் போட்டு வைத்திருந்து, வாசலில்தான் எடுத்து மாட்டினார். ஒரு மணி நேரம் மனிதர் முழங்காலைத் தூக்கித் தூக்கி ஆடினார். வெறிச்சோடிய ஊரைப் பற்றிய அவர்களுடைய 1981 பாட்டு 'கோஸ்ட் டவுன்' தொடங்கியதும் சட்டென்று நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தும்விட்டேன். "அப்பாவுக்கு அந்த வருடம்தான் கார் ஃபேக்டரியில் வேலை போனது" என்றார். அவ்வளவுதான். நான் ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

பழைய இசைத்தட்டு:
கீபோர்டு வாசித்த ஜெரி டாமர்ஸ் இல்லாமல் அது என்ன ஸ்பெஷல்ஸ்? குழுவைத் தொடங்கியவர், டூ டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை உண்டாக்கியவர், நீங்கள் சொல்லும் அந்தப் பாட்டை எழுதியவர் அவர்தான். தன்னை ஓரங்கட்டிவிட்டதாக அவரே சொன்னார், மற்றவர்கள் மறுத்தார்கள். மாப்பிள்ளை இல்லாத கல்யாணச் சாப்பாடு என்று சொல்லி என் டிக்கெட்டை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன். தொண்டை கட்டித் திரும்பிவந்தான். போகாததில் எனக்கு வருத்தமில்லை. சரி, 2022 டிசம்பரில் குழுவின் பாடகர் டெரி ஹால் இறந்த அன்று மட்டும் கொஞ்சம்.

முழங்கால் வலி:
நான் பார்த்தது அதே வருடம் லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி அரங்கில். இரண்டாவது பாட்டிலேயே வழுக்கி விழுந்தேன், யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள், முகம்கூடப் பார்க்கவில்லை. இந்த மாதிரிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். அங்கே தரை மேடையை நோக்கிச் சரிவு, அதில் பியர் வேறு கொட்டியிருக்கும். தோல் அடி வைத்த ஷூ வேண்டவே வேண்டாம். காதுக்கு அடைப்பான் வாங்குங்கள், பஞ்சு போதாது. ஸ்காவில் கிட்டார் வெட்டு தாளத்துக்கு நடுவே விழும், உடம்பு தானாகத் துள்ளும், ஐம்பது வயது முழங்கால் அதைத் தாங்காது. மாடியில் இருக்கை எடுங்கள். கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வையுங்கள். தண்ணீர் குடியுங்கள். அப்புறம், குழந்தைகளை முன்வரிசைக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

மகளோடு போனவள்:
கேட்காமலே மருத்துவக் குறிப்பு வந்துவிட்டது, நன்றி அண்ணா :)

நான் போனது 2019 ஜூலையில், கோவென்ட்ரி பழைய கதீட்ரலுக்கு. 1940இல் குண்டு விழுந்து கூரை போன இடம், சுவர்கள் மட்டும் நிற்கும். மகளுக்கு ஸ்கா பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒரே புகைப்படம்: 2017இல் பர்மிங்காமில் இனவெறிக் கும்பல்காரன் ஒருவன் முகத்துக்கு நேரே, ஸ்பெஷல்ஸ் டீஷர்ட்டோடு சிரித்தபடி நின்ற சஃபியா கான். அந்தப் பெண் பிறகு இவர்களுடைய 'என்கோர்' ஆல்பத்தில் குரல் கொடுத்தாள். டாமர்ஸ் இல்லை என்கிறவர்கள் இதையும் கணக்கில் சேருங்கள் ஐயா. பழம்பெருமையை மட்டும் விற்றிருந்தால் அந்த ஆல்பம் முதலிடத்துக்குப் போயிருக்குமா? டெரி ஹால் கடைசிவரை சிரிக்கவில்லை. "ஏம்மா அவர் கோபமா?" என்று மகள் கேட்டாள். அவர் முகமே அப்படித்தான் என்றேன். அது சரியான பதில்தானா, தெரியவில்லை.

பழைய இசைத்தட்டு:
ஆல்பம் முதலிடம் போனால் டாமர்ஸ் வந்துவிட்டாரா? டிரம்ஸ் வாசித்த ஜான் பிராட்பரி 2015இலேயே இறந்துவிட்டார். டிரம்ஸும் இல்லை, கீபோர்டும் இல்லை.

கிடங்கு வேலைக்காரன்:
இசைத்தட்டு அண்ணா, அந்தப் பாட்டு டாமர்ஸ் எழுதியது என்று எனக்குச் சொன்னதே சூப்பர்வைசர்தான். அன்றிரவு காரில் அந்த ஒரு வாக்கியம்தான் பேசினார். தொப்பி மறுபடி பைக்குள் போய்விட்டது. சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் என் வீடு வந்துவிட்டது.