இலாங்-இலாங் பூவும் எண்ணெயும்: கைப்பழக்கம் உள்ள மூவர் சொல்வது

மரத்தடி:
இலாங்-இலாங் மரத்தை அது போக்கில் விட்டால் 20 மீட்டரைத் தாண்டும். பூவெல்லாம் உச்சியில், கீழே நிற்பவருக்கு வாசனை மட்டும் மிச்சம். கொமோரோஸ் தீவுகளிலும் மடகாஸ்கரின் நோசி பேயிலும் 2 மீட்டர் வாக்கில் நுனியை வெட்டி, பக்கக் கிளைகளைத் தரைப்பக்கம் வளைத்துக் கட்டுகிறார்கள். இளங்கிளையாக இருக்கும்போதே வளைக்கணும். முற்றினால் சடக்கென்று ஒடியும், மரம் அவ்வளவு மென்மை.

பச்சைப் பூவைப் பறித்தால் எண்ணெய் கம்மி, மணமும் தழை மாதிரி. இதழ் நன்றாக மஞ்சளாகி, உள்பக்க அடியில் செம்புள்ளி விழுந்திருக்கணும். விடிந்ததும் ஆரம்பித்து 9 மணிக்குள் பறித்து முடித்துவிடுங்கள். ஆழமான கூடை வேண்டாம்: அடியில் கசங்கின பூ கருத்து, சூடேறிப் புளிக்கும். அந்த வாடை எண்ணெயிலும் ஏறும்.

வாலைக்காரர்:
மேலே சொன்னது அத்தனையும் சரி, இன்னொன்று சேர்க்கிறேன். பறித்த பூவை அன்றைக்கே வாலையில் (காய்ச்சி எண்ணெய் வடிக்கும் கலத்தில்) ஏற்றணும், மறுநாளுக்கு வைக்கக்கூடாது. 100 கிலோ பூவுக்கு 2 கிலோ எண்ணெய் வந்தாலே நல்ல விளைச்சல்.

முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்குவதுதான் 'எக்ஸ்ட்ரா' என்ற உயர்ந்த தரம். பென்சைல் அசிடேட், பாரா-கிரெசில் மெத்தில் ஈதர் போன்ற, பூ மணத்துக்குக் காரணமான பொருட்கள் பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும். பிறகு முதல், இரண்டாம், மூன்றாம் தரம். மொத்தம் 14 மணி நேரத்துக்கும் மேல் அடுப்பு எரியும்; விறகுச் செலவுதான் ஆளை விழுங்கும். நேரம் போகப்போக ஜெர்மாக்ரீன், காரியோஃபிலீன் வகையறா வேதிப்பொருட்கள் கூடி, மணம் மட்டுப்பட்டு, எண்ணெயின் அடர்த்தியும் குறையும். தண்ணீரை 1 என்று வைத்தால் எக்ஸ்ட்ரா 0.95-ஐ ஒட்டி நிற்கும், மூன்றாம் தரம் 0.92 பக்கம். ஆகவே கடிகாரத்தை மட்டும் நம்பாமல் அடர்த்திமானியைப் பார்த்துப் பாத்திரம் மாற்றுங்கள். எக்ஸ்ட்ராவில் மூன்றாம் தரத்தைக் கலந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அடர்த்திதான்.

சோப்புக்கட்டி:
சோப்புக்கு எக்ஸ்ட்ரா ஊற்றுவது வீண். அதிலுள்ள எஸ்டர்களை (பூ மணம் தரும் பொருட்களை) சோப்பிலுள்ள காரம் உடைத்துவிடும்; மூன்றாம் தரமே தாங்கும், விலையும் குறைவு. தோலில் தடவ 30 மி.லி. தேங்காயெண்ணெய்க்கு 4–5 சொட்டு, 0.8 சதவீதத்துக்குள். கூடினால் சிலருக்குத் தலைவலி, சிலருக்குத் தோல் ஒவ்வாமை. முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்து, ஒரு நாள் கழித்து மற்ற இடத்துக்குப் போங்கள்.

மரத்தடி:
நாற்று வாங்குபவர்கள் கவனிக்க: மனோரஞ்சிதத்தைக் காட்டி இதுதான் என்பார்கள். இரண்டும் சீத்தாக் குடும்பம்தான், ஆனால் மனோரஞ்சிதம் கொக்கி போட்டுப் படரும் கொடி. இலாங்-இலாங்கில் கொக்கி கிடையாது, இதழும் ஒல்லியாக முறுக்கித் தொங்கும்.