ஆஞ்சியோவில் 70 சதவீத அடைப்பு, ஆனால் ஸ்டென்ட் தேவைப்படவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 66 வயசு. மாடி ஏறினால் நெஞ்சை இறுக்கும். ஆஞ்சியோவில் வலது குழாயில் 90 சதவீதம், இதயத்தின் முன்பக்கக் குழாயான எல்ஏடி-யில் 60-70 என்று வந்தது. இரண்டு ஸ்டென்ட் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நின்றோம். டாக்டர், "90-ல் சந்தேகமே இல்லை. இன்னொன்றை அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பிரஷர் அளக்கும் மெல்லிய வயரை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, இதய ரத்த ஓட்டத்தைக் கூட்டும் அடினோசின் மருந்தை ஏற்றினார்கள். முகமெல்லாம் காந்தி, மூச்சு முட்டுகிற மாதிரி இருந்ததாம் அப்பாவுக்கு. மருந்தை நிறுத்தியதும் சட்டென்று சரியாகிவிட்டது. அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தம், இப்பால் இருப்பதில் எத்தனை பங்கு என்பதுதான் எஃப்எஃப்ஆர். 0.80-ம் அதற்குக் கீழும் என்றால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று கொள்கிறார்கள். அப்பாவுக்கு 0.86. அங்கே கை வைக்கவில்லை, மாத்திரை மட்டும்தான்.

வலது குழாயில் ஸ்டென்ட் வைத்தபின் ஓசிடி, அதாவது குழாய்க்குள்ளேயே ஒளியால் எடுக்கும் படம், எடுத்தார்கள். அந்தப் பதிவை டாக்டர் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பழுப்பு நிற வட்டம், அதைச் சுற்றி ஸ்டென்ட் கம்பிகள் பளிச்சென்று புள்ளி புள்ளியாக, ஒவ்வொன்றின் பின்னாலும் கறுப்பு நிழல். ஒரு பக்கத்தில் மட்டும் புள்ளிகள் சுவரை ஒட்டாமல் விலகி நின்றன. ஆஞ்சியோ படத்தில் அதே இடம் கச்சிதமாகத் தெரிந்தது! பெரிய பலூன் போட்டு விரித்து, மறுபடி பார்த்து, ஒட்டிய பிறகே முடித்தார்.

கேத்லேப் ஊழியன்:
அக்கா, அப்பாவுக்கு நல்ல வைத்தியம் நடந்திருக்கு. உள்ளேயே படம் எடுக்கும்போது பிரஷர் வயர் எதற்கு என்று நிறைய பேர் எங்களிடம் கேட்பார்கள். ஐவஸ் (குழாய்க்குள் ஒலி அலையால் எடுக்கும் படம்), ஓசிடி இரண்டும் குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கு, படிந்திருப்பது கொழுப்பா, சுண்ணாம்பா என்று காட்டும். அந்தச் சுருக்கத்தால் ஓட்டம் குறையுதா என்பது, அந்தக் குழாயை நம்பி எவ்வளவு இதயத் தசை இருக்கு என்பதையும் பொறுத்தது. அரை ஏக்கருக்குப் போதுகிற மடை ஐந்து ஏக்கருக்குப் போதாது.

கொரியாவிலும் சீனாவிலும் நடுத்தர அடைப்புள்ள 1,682 பேரிடம் நடந்த ஃபிளேவர் ஆய்வு 2022-ல் வந்தது. எஃப்எஃப்ஆர் பார்த்து முடிவெடுத்த பிரிவில் 44.4 சதவீதம் பேருக்குத்தான் ஸ்டென்ட், ஐவஸ் பிரிவில் 65.3. இரண்டு வருஷம் கழித்து மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரு பிரிவும் ஏறக்குறைய ஒன்றே. வைக்கலாமா என்பதற்கு பிரஷர் வயர். வைப்பதென்று ஆகிவிட்டால் சைஸுக்கும் நீளத்துக்கும் உள்படம் கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து. ஓசிடி ஒளியால் பார்ப்பது. ரத்தம் மறைக்கும் என்பதால் கான்ட்ராஸ்ட் என்ற ஆஞ்சியோ சாயத்தைச் செலுத்தி விலக்கணும். அது கிட்னிக்குச் சுமை என்பதால், கிட்னி பலவீனமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒலியால் பார்க்கிற ஐவஸ்தான். ஓசிடி படத்தை வைத்தே எஃப்எஃப்ஆர் கணக்கிடும் மென்பொருளும் இப்போது வந்திருக்கு. இதற்கெல்லாம் தனிச் செலவு உண்டு. காப்பீட்டில் வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

நெய்தல்:
எனக்கு நேர் எதிர். மாரடைப்பு என்று சேர்த்தார்கள், ஆஞ்சியோவில் பெரிய அடைப்பே இல்லை. "கேஸ்தானே" என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஓசிடி-யில்தான் சுவரில் கொழுப்புப் படிவு வெடித்து, மேலே சின்ன ரத்தக்கட்டி இருந்தது தெரிந்தது. ஸ்டென்ட் இல்லை, ரத்தக்கட்டைத் தடுக்கும் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் விடாமல் போடுகிறேன். இதே மாதிரி யாருக்காவது வந்திருந்தால், எப்போதிலிருந்து படி ஏற ஆரம்பித்தீர்கள் என்று எழுதுங்கள்.