வேலைச் செய்தியை வீட்டுக்கு எழுதுவது

அன்புடைய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பல நாடுகளில் பிரிந்து வாழும் குடும்பங்களில் பெரிய செய்திகள் தவறுவதில்லை. வேலை கிடைத்ததும், வீடு மாறியதும், குழந்தை பிறந்ததும், மருத்துவமனையில் சேர்த்ததும் அன்றைக்கே எல்லார் காதுக்கும் எட்டிவிடுகின்றன. ஆனால் அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் அந்த மனிதர் நாளெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பெற்றோருக்கே தெரிவதில்லை. “வேலை எப்படிப் போகிறது?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்ற பதில் வருகிறது, அக்கறை இருந்தும் அடுத்து என்ன கேட்பதென்று பிடி கிடைக்காமல் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. எனவே, அன்றாட வேலையைப் பற்றி வீட்டாருக்குச் சற்று விரிவாகவே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் போர்க்காலத்தில் பொதுமக்களைப் பாதுகாப்பதற்கான 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 25ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கலாம். போர் நடக்கும் நாட்டில் இருப்பவர்கள்கூடத் தங்கள் குடும்பத்தினருக்குத் தனிப்பட்ட செய்திகளை அனுப்பவும் அவர்களிடமிருந்து பெறவும் வழி செய்யப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. போரிடும் தரப்புகள் இதைக் கட்டுப்படுத்தியே தீர வேண்டும் என்று கருதினால், மாதத்துக்கு ஒரு படிவம், அதில் எழுதுபவரே தெரிந்தெடுக்கும் 25 சொற்கள் என்ற அளவுக்குக் கீழே போகக் கூடாது. குண்டு விழும் ஊரில் இருப்பவருக்குச் சட்டம் ஒதுக்கிவைத்த அந்த 25 சொற்களைக்கூட, கையில் கைப்பேசியும் தடையற்ற இணையமும் வைத்திருக்கும் நம்மில் பலர் ஒரு மாதத்தில் சொந்தமாக எழுதுவதில்லை. வந்த படத்தையும் காணொளியையும் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

முன்பு இடமும் காசும்தான் செய்தியின் அளவைத் தீர்மானித்தன. தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம் என்பதால் வினைச்சொல்லும் பெயரும் மட்டுமே மிஞ்சின. வான்கடிதத்துக்கு ஒரே தாள்தான், உள்ளே வேறெதையும் வைக்க முடியாது. ஆனாலும் அந்த ஒரு தாளை ஓரம் வரைக்கும் நிரப்பி எழுதினார்கள். எல்லை இருந்ததால் எதைச் சொல்ல வேண்டும் என்று எழுதுமுன் யோசித்தார்கள். இன்று எல்லை இல்லை. எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணத்திலேயே சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

வேலையைப் பற்றி எழுதும்போது பதவிப் பெயரை மட்டும் எழுதுவதால் பயனில்லை. “டீம் லீட் ஆகிவிட்டேன்” என்று மகன் எழுதினால் அம்மா மகிழ்வார், பக்கத்து வீட்டார் “அப்படியென்றால் என்ன வேலை?” என்று கேட்டால் அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. அதற்குப் பதிலாக, முன்பு தானே நிரல் எழுதிய நேரத்தில் இப்போது மற்ற ஆறு பேர் எழுதியதைப் படித்துத் திருத்துவதாகவும், நாளின் பாதி கூட்டங்களிலேயே போய்விடுவதாகவும், அதில் ஒருவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார் என்றும் எழுதினால், அடுத்த முறை அம்மாவே “அவர் இப்போதாவது நேரத்துக்கு வருகிறாரா?” என்று கேட்பார். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் பெண், “நைட் ஷிப்ட், களைப்பு” என்று நிறுத்திக்கொள்ளாமல், பணி மாறும்போது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதையும், அது முடியாமல் வெளியே வர முடியாது என்பதையும், வீட்டுக்கு வந்து திரையை இழுத்துவிட்டுப் பகலில் உறங்குவதையும் எழுதினால், நண்பகலில் அழைத்து எழுப்பும் பாசமும் தானாகவே நின்றுவிடும். கப்பலில் வேலை செய்பவர்களின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு வீட்டாருடன் தொடர்பு கொள்ளும் இணைய வசதி செய்து தரப்பட வேண்டும் என்பது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2022ஆம் ஆண்டுத் திருத்தங்களில்தான் சேர்க்கப்பட்டது. அவை நடைமுறைக்கு வந்தது 2024 டிசம்பரில். கரையில் இருக்கும் நாம், கப்பலைக் கண்காணிக்கும் பணி முறை எத்தனை மணிக்கு, எந்தத் துறைமுகத்தில் இறங்க முடிந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லலாம்.

எழுதக் கூடாதவையும் உண்டு. நிறுவனத்தின் உள்விவகாரங்கள், உடன் பணிபுரிபவரின் குடும்பச் சிக்கல்கள், சம்பளத் தொகை ஆகியவை பலர் படிக்கும் மடலுக்கு உரியவை அல்ல. வேலை போன செய்தியை மட்டும் மறைக்க வேண்டாம் என்பேன். பெற்றோர் கவலைப்படுவார்களே என்று மாதக்கணக்கில் மூடி வைத்து, கடைசியில் அவர்கள் அதை மூன்றாம் மனிதர் வாயிலாக அறிந்து நொந்துபோவதை விட, கடைசி வேலை நாள் எது, கையிருப்பு எவ்வளவு காலம் தாங்கும், குடியிருப்பு அனுமதி வேலையோடு பிணைந்திருந்தால் அவகாசம் எத்தனை நாள், எங்கெங்கே விண்ணப்பித்திருக்கிறோம் என்று நான்கு வரிகளில் சேர்த்துச் சொல்லிவிடுவது மேல். விவரத்தோடு வரும் கெட்ட செய்தியைப் பெரியவர்கள் நாம் நினைப்பதை விட நன்றாகவே தாங்குகிறார்கள்.

எழுத்தா குரலா என்பது பெறுபவரைப் பொறுத்தது. படிக்கச் சிரமப்படும் பாட்டிக்குக் குரல்பதிவு வரம். காது மந்தமான தாத்தாவுக்கு அதுவே தொல்லை. எழுத்துக்கு ஒரு வசதி உண்டு: வேண்டிய இடத்தை மறுபடி படிக்கலாம், அத்தைக்கும் படித்துக் காட்டலாம்.

நேரடியாகப் பேச விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள். ஐரோப்பாவில் அதே மாதத்தின் கடைசி ஞாயிறன்றுதான் நகர்த்துகிறார்கள். இந்தியாவும் சிங்கப்பூரும் நகர்த்துவதே இல்லை. ஆகவே லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமாக உள்ள ஐந்து மணி நேர இடைவெளி, மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு நான்காகிவிடுகிறது. கடிகாரத்தைத் திரும்பப் பின்னே நகர்த்தும் நாளும் வேறுபடுவதால் அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் இப்படியே. மூன்று கண்டங்களில் இருப்பவர்கள் சேர்ந்து பேச நேரம் குறிக்கும்போது, அந்த வாரங்களில் மட்டும் ஒவ்வொருவரும் தம் ஊர் நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் யாரும் வெறும் திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிராது.