மனைக்கு 10% கையில் இருந்தால் போதுமாம்!

குடமுருட்டியான்:
"கும்பகோணம் பைபாஸ் ஓரம் மனை வாங்க 10% கையில இருந்தா போதும், மிச்சம் 90% பேங்க் தரும்"னு நேத்து வெண்ணாற்றங்கரை எழுதியிருக்கார். பத்திக்கிட்டு வருது. 20 லட்சம் மனைன்னு வைங்க. காலி மனைக்கு பேங்க் பெரும்பாலும் 70-லேருந்து 80% வரைதான் நீட்டும். 75%னு வச்சு 15 லட்சம் கிடைச்சா கைக்காசு 5. பத்திரச் செலவு 9% (முத்திரை 7, பதிவு 2), அது 1.80. ஆக 6.80 லட்சம். இதுவா 10%?

வெண்ணாற்றங்கரை:
30 லட்சம் வரை கடனுக்கு 90%. ரிசர்வ் பேங்க் சொன்னது. போய்ப் படிங்கண்ணே.

குடமுருட்டியான்:
அது வீட்டுக் கடனுக்கு வச்ச உச்சவரம்பு தம்பி. அவ்வளவு கொடுத்தே ஆகணும்னு இல்ல. பத்திரச் செலவை அந்தக் கணக்குல சேர்க்கவும் கூடாது.

வெண்ணாற்றங்கரை:
வீட்டு விலை 10 லட்சத்துக்குள்ள இருந்தா சேர்க்கலாம். அதை ஏன் மறைக்கிறீங்க? 90 தான்.

குடமுருட்டியான்:
பேச்சு 20 லட்சம் காலி மனையைப் பத்தி. போன மாசம் பட்டா விவகாரத்துலயும் இப்படித்தான் அடம் பிடிச்சீங்க. இன்னொண்ணு கேளுங்க. 20 கொடுத்துட்டு, பத்திரத்துல வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு வச்ச மதிப்பு) 12-ன்னு எழுதுறாங்க. பத்திர மதிப்பு, பேங்க் மதிப்பீட்டாளர் போட்டது, ரெண்டுல எது குறைவோ அதுக்குத்தான் கடன். 12-ல 75% 9 லட்சம். மீதி 11-ம் பத்திரச் செலவு 1.08-ம் கைக்காசு. ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்து விக்கும்போது வாங்கின விலை 12-ன்னுதான் நிக்கும். மறைச்ச 8-க்கும் சேர்த்து லாப வரி 12.5%.

மன்னைவாசி:
வீட்டுக்காரம்மா பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணம் 1% குறையுமே?

குடமுருட்டியான்:
10 லட்சம் மதிப்பு வரைக்கும்தான், 2025 ஏப்ரல் 1 முதல். 12-க்கு கிடையாது.

மன்னைவாசி:
நஞ்சையைத் தூத்த மனைன்னு யாருமே பேசல. 1,200 சதுர அடியை 3 அடி உயர்த்த 3,600 கன அடி, 36 யூனிட் (யூனிட்னா 100 கன அடி) மண். மண் அமுங்கும், 45 வச்சுக்கணும். களிமண் கோடையில வெடிக்கும், மழையில உப்பும். சாதாக் கடக்கால் போட்டா சுவர் விரிசல்தான். மனைக் கடன்ல மண்ணடிக்கக் காசு வராது.

வெண்ணாற்றங்கரை:
நிலத்தை 'மா' கணக்குல அளக்குற மன்னார்குடிக்காரங்க சதுர அடி பேச வந்துட்டாங்க.

மன்னைவாசி:
144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 33 சென்ட். தஞ்சாவூர்க்காரருக்கு இதுகூடத் தெரியாதா?

குடமுருட்டியான்:
குழியை விடுங்க. அந்தக் கைக்காசுல 5 லட்சம் துண்டு விழுதுன்னு வைங்க. அதை 2 ரூபா வட்டிக்கு எடுத்தா மாசம் 10,000 வட்டி மட்டும், அசல் அப்படியே நிக்கும். அதுக்கு மேல பேங்க் கடன் 9 லட்சத்துக்கு 9%-ல 20 வருஷத் தவணை 8,100. அட்வான்ஸ் கொடுக்குமுன்னே 30 வருஷ வில்லங்கம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் பாருங்க. கோயில், மடத்து நிலமான்னு ஏ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) புரட்டுங்க. 10% போதும்னு நம்பி அட்வான்ஸ் போட்டவன் அதையும் தொலைப்பான்.

வெண்ணாற்றங்கரை:
எல்லாம் சரி. ரிசர்வ் பேங்க் 90%னுதான் எழுதியிருக்கு.

குடமுருட்டியான்:
காலி மனைக்கு 90% கொடுத்த அனுமதிக் கடிதம் ஒண்ணை, பேரை மறைச்சுப் போடுங்க.

வெண்ணாற்றங்கரை:
நீங்க முதல்ல 75-க்குப் போடுங்க.