உதவி: தாங்கியின் கூம்பு பொருந்தவில்லை, அவசரம்

முத்தையன்கட்டான் | ஞாயிறு, இரவு 8.12

வணக்கம். நான் செய்த கடதாசித் தாங்கி மாதிரியைப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். என்னிடம் அழகாகப் பொருந்துகிறது. அவர்கள் வெட்டி ஒட்டினால் கூம்பு சின்னதாக இருக்கிறது, உருளைக்குள் விழுந்துவிடுகிறது. ஐந்து பேர் ஒட்டினார்கள், ஐந்து பேருக்கும் அதே கதை. புதன்கிழமை கண்காட்சி. எங்கே பிழை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பாலைமரநிழல் | 8.31

எந்தத் தாங்கி? எங்கள் பக்கத்தில் தாங்கி என்றால் இரண்டு பொருள் இருக்கிறது. கூம்பும் உருளையும் என்கிறபடியால் நீர்த்தாங்கி என்று எடுத்துக்கொள்கிறேன். என்ன கடதாசி? எதில் வரைந்தீர்கள்? எங்கே பிரிண்ட் எடுத்தார்கள்? எத்தனை மில்லிமீற்றர் குறைகிறது? இவ்வளவும் தெரியாமல் நாங்கள் இருட்டில்தான் கல்லெறிய வேண்டும்.

மாங்குளம்கடதாசி | 8.40

கடதாசியின் நார் போகும் திசையைப் பாருங்கோ. எல்லாத் தாளிலும் நார் ஒரு பக்கமாகத்தான் ஓடும். நாரோடு சேர்ந்து சுருட்டினால் உருளை வழுக்கிக்கொண்டு வளையும். குறுக்கே சுருட்டினால் முறிந்து முறிந்து பல கோணமாக நிற்கும், வட்டமே வராது. வட்டம் வராத உருளையில் எந்தக் கூம்பும் இருக்காது. ஒரு துண்டை இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்த்தாலே தெரியும், இலகுவாக வளைகிற பக்கம்தான் நார்ப் பக்கம். முக்கால்வாசிப் பிரச்சினைக்கு இதுதான் காரணம்.

குளக்கட்டு | 8.52

மழைக்காலத்தில் கடதாசி ஈரம் குடித்து ஊதும். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்த மட்டையில் நான் ஒரு கோபுரம் செய்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரிண்ட் எடுத்த தாளை ஒரு நாள் கொப்பிகளுக்கு இடையில் வைத்து அமத்திவிட்டு வெட்டச் சொல்லுங்கோ.

பாலைமரநிழல் | 8.58

ஈரம் என்றால் உருளையும் சேர்ந்துதானே ஊதும்? ஒன்று மட்டும் சின்னதாக வராது.

முத்தையன்கட்டான் | 9.20

மன்னிக்கவேணும், அவசரத்தில் எழுதிவிட்டேன். நீர்த்தாங்கிதான். உருளையின் விட்டம் 60 மி.மீ., உயரம் 40. கூம்பு மேலே 60, கீழே 20, செங்குத்து உயரம் 20. நான் வீட்டில் 160 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 160 கிராம்) மட்டையில் எடுத்தேன். பிள்ளைகள் புதுக்குடியிருப்பில் கொமினிகேசன் கடையில் அதே மட்டையில் எடுத்தார்கள். உருளை சரி, கூம்புதான் பிழை.

கவராயம் | 9.41

கூம்பை விரிக்கும் கணக்கு தெரியாமல் கணனியில் வரையப் போனால் இப்படித்தான் வரும். மாதத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறீர்கள், பழைய இழைகளை ஒருவரும் வாசிப்பதில்லை. கவனமாகப் பாருங்கள். ஆரை 30 இலிருந்து 10 ஆகக் குறைகிறது, உயரம் 20. சாய்வு நீளம் 28.28. கூம்பை முனை வரைக்கும் நீட்டினால் வெளி வில்லின் ஆரை 42.43, உள் வில்லின் ஆரை 14.14. கோணம் 254.6 பாகை. இந்த மூன்றையும் கவராயமும் பாகைமானியும் வைத்து ஒரு கடதாசியில் போட்டுப் பாருங்கள். உங்கள் கணனிப் படத்தோடு ஒத்துவராவிட்டால் பிழை உங்களுடையது. முதலில் கையால் செய்து பழகுங்கள், பிறகு மற்றவர்களுக்குப் பகிரலாம்.

தடிப்புமட்டை | 9.55

கணக்கில் தடிப்பைச் சேர்த்தீர்களா? 160 ஜிஎஸ்எம் மட்டை ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிப்பு. ஒன்றின் மேல் ஒன்று சுற்ற வேண்டுமென்றால் வெளியே வருவதற்கு 2 × 3.14 × 0.2, அதாவது ஒன்றேகால் மில்லிமீற்றர் கூடுதலாக விட வேணும். பைண்டர் கம் பூசினால் இன்னும் கொஞ்சம் கூடும். பல பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

முத்தையன்கட்டான் | 10.03

கூம்பு என் வீட்டில் பொருந்துகிறதே, கணக்குப் பிழை என்றால் எப்படிப் பொருந்தும்?

கவராயம் | 10.10

இழுத்து ஒட்டியிருப்பீர்கள்.

செட்டிகுளம்மடிப்பு | 10.34

கவராயம் அண்ணை, அவருடைய கேள்விக்கு அது பதில் இல்லை. ஐந்து பேருக்கும் ஒரே மாதிரிப் பிழைத்தால் அது கைப்பிழை இல்லை, நார்த் திசையும் இல்லை.

முத்தையன்கட்டான், நாளைக்கு ஒரு பிள்ளையின் துண்டை வாங்கி, ஒட்டாத நிலையில், அடிமட்டம் வைத்து அளந்து எழுதுங்கோ. உருளையாகச் சுருட்டுகிற துண்டின் நீளமும் வேணும், கூம்பின் மேல் விளிம்பும் வேணும். உருளை சரி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டாம். விளிம்பு வளைவு, ஆகவே ஒரு நூலை அதன் மேலே ஓட்டி, பிறகு நூலை அளக்கலாம். விட்டம் 60 என்றால் இரண்டும் 188.5 வர வேணும்.

இன்னொன்று. எதில் வரைந்தீர்கள் என்று பாலைமரநிழல் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஏ9ஓரம் | திங்கள், காலை 6.15

இடையில் ஒரு கேள்வி. இது யுத்தத்தில் விழுந்த கிளிநொச்சித் தாங்கிதானே? அப்படியென்றால் ஏன் கால் வைத்து நிமிர்த்துகிறீர்கள்? வெளியூர்ச் சனத்துக்கு அந்தத் தாங்கியை சரிந்து கிடந்த கோலத்தில்தான் தெரியும். பஸ்ஸில் போகும்போது எல்லோரும் எட்டிப் பார்த்ததும் அதைத்தான். நிமிர்த்தி வைத்தால் எந்த ஊர்த் தாங்கியாகவும் இருக்கலாம்.

கரைச்சியாள் | 6.48

எனக்கு அடையாளம் தெரியும். அந்தத் தாங்கி நிமிர்ந்து நின்றபோது அதன் கீழே சைக்கிளைச் சாத்திவிட்டு பஸ் பிடிக்கப் போனவள் நான். விழுந்த பிறகு வந்து படம் எடுத்தவர்களுக்கு அது ஒரு காட்சி. எங்களுக்கு அது தண்ணீர் தந்த சாமான். பிள்ளைகள் கையில் செய்து பார்க்கப்போவது எது, தண்ணீர் தருகிற தாங்கியா, உடைந்த தாங்கியா? நான் நிமிர்ந்ததைத்தான் கொடுப்பேன்.

ஏ9ஓரம் | 7.05

அக்கா, நான் காட்சிக்காகச் சொல்லவில்லை. நானும் 2009 க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்து அதைப் பார்த்து அழுதவன்தான். விழுந்ததை மறைத்துவிட்டு நிமிர்ந்ததை மட்டும் காட்டினால், நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடும் என்றுதான் சொல்கிறேன்.

யாழ்தேவிப்பிரியன் | 7.40

இதே கேள்வியில்தான் நான் ஒரு வருடமாக நிற்கிறேன். கிளிநொச்சி புகையிரத நிலையத்தை 1:87 அளவில் தொடங்கினேன். யாழ்தேவி ரயில் 1990 இல் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. 2013 செப்டெம்பரில்தான் ரயில் திரும்ப கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் போனது. மாதிரியில் எந்த வருடத்தை வைப்பது? 1989 என்றால் ஒரு கட்டடம், 2013 என்றால் வேறு கட்டடம், இரண்டுக்கும் நடுவில் என்றால் மேடையில் புல்லும் மரமும்தான். கட்டடத்தை விட இந்த முடிவுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கடைசியில் ஒரே அடித்தட்டில் மூன்று வருடத்துக்கும் மூன்று மூடி செய்து கழற்றி மாற்றுகிற மாதிரி வரைந்துகொண்டிருக்கிறேன்.

கரைச்சியாள் | 7.52

அது நல்ல யோசனை. தாங்கிக்கும் அப்படிச் செய்யலாம், கால் தனியாக, தொட்டி தனியாக. ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் நிமிர்ந்தது.

வேலிக்காரன் | 8.20

அதை யார் விழுத்தினது என்று ஒருவருமே கேட்கவில்லையே?

பாலைமரநிழல் | 8.26

அதை இங்கே எடுக்க வேண்டாம், தம்பி. நீர்த்தாங்கியின் கூம்பு பொருந்தவில்லை என்று ஒருவர் புதன்கிழமைக்கு முன் பதில் கேட்டு நிற்கிறார். அந்தப் பேச்சுக்கு இந்த இழை காணாது.

இங்க்ஸ்கேப்ராசன் | 10.15

எதில் வரைந்தார் என்பதற்கு இன்னும் பதில் வராதபடியால் என் ஊகத்தைச் சொல்கிறேன். இங்க்ஸ்கேப் என்ற வரைகிற மென்பொருளில் 0.92 க்கு முந்திய பதிப்புகள் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று எடுத்தன, 0.92 இலிருந்து 96. பழைய பதிப்பில் வரைந்ததைப் புதியதில் சரியாக மாற்றாமல் திறந்தால் 93.75 வீதமாகச் சுருங்கும். ஒரு துண்டு பழையது, மற்றது புதியது என்றால் இந்த வித்தியாசம் அப்படியே வரும்.

முத்தையன்கட்டான் | பிற்பகல் 2.40

இடைவேளையில் எழுதுகிறேன். மூன்று பிள்ளைகளின் துண்டை அளந்தேன். உருளை 181. கூம்பின் விளிம்பு 176. உருளையும் குறைவாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

உருளையும் கால்களும் நான் இங்க்ஸ்கேப்பில் வரைந்தேன், புதிய பதிப்பு. கூம்பைக் கனடாவில் இருக்கும் மச்சான் பெப்பக்கூராவில் (கடதாசி மாதிரியைத் தட்டையாக விரிக்கிற மென்பொருள்) விரித்து அனுப்பினான். இரண்டு பக்கத்தையும் ஒரே பிடிஎப்பாகச் சேர்த்தேன். அது முக்கியம் என்று எனக்குப் படவில்லை.

கிளிநொச்சித் தாங்கி இல்லை. எங்கள் பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் நிற்கிற தாங்கி.

செட்டிகுளம்மடிப்பு | 3.05

சேர், மச்சான் கனடா என்ற இடத்தில் விடை வந்துவிட்டது.

கனடாவில் பாவிப்பது லெட்டர் தாள், 215.9 × 279.4. எங்கள் ஏ4 210 × 297. உங்கள் பிடிஎப்பின் முதல் பக்கம் ஏ4 ஆகவும் இரண்டாம் பக்கம் லெட்டராகவும் இருக்கும். பிடிஎப்பைத் திறந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் அளவைப் பாருங்கோ.

நீங்கள் வீட்டில் 'அக்சுவல் சைஸ்' என்று கொடுத்து எடுத்திருப்பீர்கள், அதில் இரண்டு பக்கமும் உள்ளபடியே வரும். கூம்பு சின்னத் துண்டு, ஆகவே லெட்டர் பக்கம் ஏ4 தாளில் வந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கடையில் 'ஃபிட்' இல், தாளுக்குள் அடங்கச் சுருக்கி, எடுப்பார்கள், பக்கத்தில் எதுவும் வெட்டுப்படக்கூடாது என்று. பிரிண்டர் நான்கு பக்கமும் ஏறக்குறைய 4 மி.மீ. விளிம்பு விடும். அகலத்தில் 201.6 தான் மிச்சம். ஏ4 பக்கம் 201.6 / 210, அதாவது 96 வீதம். லெட்டர் பக்கம் அகலம் கூட, ஆகவே 201.6 / 215.9, அதாவது 93.4 வீதம். இப்போது பெருக்கிப் பாருங்கோ. 188.5 இல் 96 வீதம் 181. 93.4 வீதம் 176. உங்கள் பிள்ளைகளின் அடிமட்டம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

தடிப்பு ஒன்றேகால் மில்லிமீற்றர்தான், இங்கே ஐந்து குறைகிறது. இங்க்ஸ்கேப் பதிப்பு என்றால் உங்கள் வீட்டிலும் பிழைத்திருக்க வேணும்.

செய்ய வேண்டியது: கூம்பை ஏ4 பக்கத்தில், அளவை மாற்றாமல், திரும்ப வையுங்கோ. இரண்டு பக்கமும் ஏ4 என்றால் கடைக்காரர் 'ஃபிட்' இல் எடுத்தாலும் இரண்டும் சேர்ந்தே சுருங்கும், மாதிரி கொஞ்சம் சின்னதாக வருமே தவிர பொருந்தாமல் போகாது. ஒவ்வொரு பக்கத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்று போடுங்கோ, முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் காணாது. பிள்ளைகள் வெட்டுவதற்கு முன் அந்தக் கோட்டை அளக்கட்டும்.

நான் முதன்முதல் பகிர்ந்தது மாட்டு வண்டில். வண்டில் ஒரு பக்கம், சில்லு இன்னொரு பக்கம். ஒருவருக்கும் சில்லு அச்சில் ஏறவில்லை, எல்லோரும் தங்கள் கைப்பிழை என்று நினைத்து என்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு பிள்ளை அடிமட்டத்தோடு படம் எடுத்து அனுப்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த எட்டு மாதத்தில் எத்தனை பேர் வெட்டி எறிந்தார்கள் என்று இப்போதும் மனது கேட்கும்.

மாங்குளம்கடதாசி | 3.30

ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கால்களை நார்ப் பக்கமாக வெட்டச் சொல்லுங்கோ, நான்கு நாளில் வளையாது.

கவராயம் | 4.12

பக்க அளவைப் பார்க்காமல் இரண்டு பேருடைய கோப்புகளைச் சேர்க்கக்கூடாது என்பது அடிப்படை. ஆனால் கூம்பு சரியாக விரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை நான் தந்த எண்களோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். 254.6.

இங்க்ஸ்கேப்ராசன் | 4.40

செட்டிகுளம் அக்கா சொன்னதோடு ஒன்று. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அளவே தொலைந்துவிடும். டொக்யுமென்ற் ஆகவே அனுப்புங்கோ.

ஏ9ஓரம் | இரவு 8.02

சேர், உங்கள் தாங்கி வேறு என்று தெரியாமல் இழையைத் திருப்பிவிட்டேன், மன்னிக்கவும். கரைச்சி அக்கா, நீங்கள் சொன்னதைப் பகலெல்லாம் யோசித்தேன். யாழ்தேவிப்பிரியன் செய்கிற மாதிரி, ஒரே தொட்டிக்கு இரண்டு அடித்தட்டு வரையத் தொடங்குகிறேன். உங்கள் ஞாபகத்தில் கால்கள் எத்தனை, ஏணி எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா? விழுவதற்கு முந்திய படம் என்னிடம் ஒன்றும் இல்லை.

கரைச்சியாள் | 9.15

அண்ணாவிடம் கேட்டுச் சொல்கிறேன். பழைய படம் ஒன்றில் பின்னால் தெரியும் என்று நினைக்கிறேன், எங்கள் கலியாணப் படம். பாதிப் படங்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. தேடிப் பார்க்கிறேன்.

முத்தையன்கட்டான் | புதன், இரவு 7.30

பக்கம் லெட்டர்தான். மாற்றினேன், கோடு இரண்டு பக்கத்திலும் போட்டேன். கடையில் எடுத்த தாளில் இரண்டு கோடும் 96. கூம்பு இருந்துவிட்டது. கோணமும் 254.6 தான், கவராயம் அண்ணை. இன்று 22 தாங்கி நின்றது. எல்லோருக்கும் நன்றி.

பாலைமரநிழல் | 7.44

மகிழ்ச்சி சேர். திருத்திய கோப்பை இங்கேயும் போடுவீர்களா? முள்ளியவளையில் என் மருமகளின் வகுப்பிலும் கேட்கிறார்கள். அப்படியே கால்களுக்கு நடுவில் குழாய் எப்படி வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கோ.

பாலைமரநிழல் | ஞாயிறு, காலை 9.10

சேர்?