எந்த டிசைன் சொஃப்ட்வெயர்? 31ஆம் நாள் கல்வெட்டு அடிச்ச கதை

உப்புவெளிக்காரி

பக்கத்து வீட்டு அம்மம்மா மோசம் போய், முப்பத்தொராம் நாளுக்குக் கல்வெட்டு, அதுதான் செத்தவையின்ர நினைவுப் புத்தகம், அடிக்கவேணும் எண்டு அவவின்ர பெரிய மகள் என்னட்ட வந்தா. நான் படிச்ச டிசைனர் இல்லை. விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எண்டு நாலைஞ்சு வருசமா வீட்டில இருந்து செய்யிறன். கையில இருந்தது ஆரோ போட்டுத் தந்த கள்ளக் கொப்பி போட்டோஷொப். காசு குடுத்து ஒழுங்கா எடுப்பம் எண்டு 2022ல நினைச்சனான். டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போன நேரம் மாதக் கட்டணத்தைப் பெருக்கிப் பாத்திட்டு அந்த நினைப்பை விட்டாச்சு. பிறகு கள்ளக் கொப்பியோட வந்த வைரஸ் லெப்டொப்பையே சாப்பிட்டுது. அது என்ர பிழை, ஆரையும் நோகேலாது.

இந்த முறை காசில்லாமல் கிடைக்கிறதுகளை ஒவ்வொண்டாப் போட்டுப் பாத்தன். யூடியூப்பில எல்லாரும் வசதிப் பட்டியல் சொல்லுறாங்கள். நான் வச்ச சோதனை ஒரே ஒரு சொல்: 'திருக்கோணேஸ்வரம்'. இதை யூனிகோட்டில (போன், கம்பியூட்டர் எல்லாத்துக்கும் பொதுவான எழுத்து முறை) அடிச்சு, 'கோ'வின்ர கொம்பு ககரத்துக்கு முன்னால நிக்குதா, 'ஸ்'க்கு மேல புள்ளி சரியா இருக்குதா எண்டு பாத்தால் போதும். படம் திருத்துற ஜிம்ப்பிலயும் படம் வரையிற இன்க்ஸ்கேப்பிலயும் ஒண்டும் செய்யாமலே சரியா வந்துது.

அப்பதான் விளங்கினது, பழைய போட்டோஷொப்பில கொம்பு பின்னால போய் நிண்டது பொன்ட்டின்ர குற்றம் இல்லை எண்டு. பிரிஃபரன்சஸில 'டைப்' எண்ட இடத்தில 'மிடில் ஈஸ்டேர்ன் அன்ட் சவுத் ஏசியன்' எண்டதைத் தெரிவு செய்திருக்கவேணும். அதுவும் அதுக்குப் பிறகு திறக்கிற புது ஃபைலிலதான் பிடிக்கும். பழைய லேயர் (ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிற தட்டு) எண்டால் பராகிராஃப் மெனுவில 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' எண்டு மாத்தவேணும். இது தெரியாமல் ரெண்டு வருசம் ஒவ்வொரு கொம்பையும் தனியா வெட்டி முன்னால ஒட்டினனான். சிரிக்காதேங்கோ.

டவுனில பிரெஸ்காரர் இன்னும் பாமினி எண்ட பழைய பொன்ட்டை விடாததுக்கும் காரணம் இதுதான். பாமினியில உள்ளுக்குக் கிடக்கிறது ஆங்கில எழுத்து, வெளியில தெரியிறது மட்டும் தமிழ். எழுத்தைக் கோக்கிற வேலையே இல்லாதபடியால் எந்த சொஃப்ட்வெயரிலயும் உடையாது. ஆனால் கல்வெட்டில வாற திதி வெண்பாவை (செத்த திதியைச் சொல்லுற பாட்டு) அதில அடிச்சு வாங்கி, பிழை பாக்க வெளிநாட்டில இருக்கிற மகனுக்கு அப்பிடியே அனுப்பினால், அவர்ட போனில வாறது வெறும் ஆங்கிலக் குப்பை.

நீங்கள் என்ன பாவிக்கிறியள்? ஆர்ட பட்டறிவு என்ன சொல்லுது?

கிண்ணியா பனர்கடை

தங்கச்சி, நீங்க எழுத்தைப் பாத்து முடிவெடுத்திருக்கீங்க. என்ட கடைக்கு வாற சண்டை எல்லாம் நிறத்தாலயும் அளவாலயும்தான்.

நிலாவெளிப் பக்கம் ஒரு கெஸ்ட்ஹவுஸ்காரர். 8க்கு 4 அடி பனர், முழுக்கக் கடல். கேன்வாவுல நல்லாத்தான் செய்திருந்தார். வாட்ஸ்அப்பில படமா அனுப்பினார். எனக்கு வந்து சேர்ந்தது 1600 பிக்சல் அகலம். 8 அடி எண்டா 96 அங்குலம். வகுத்துப் பாருங்க, அங்குலத்துக்கு 17 பிக்சல் கூட இல்ல. பனரைத் தூரத்துல நிண்டுதானே பாப்பாங்க, அதால அங்குலத்துக்கு 72 இருந்தாலே எனக்குப் போதும். அதுக்கே 6912க்கு 3456 பிக்சல் வேணும். படமா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிடும், டொக்கியுமென்டா அனுப்புங்க எண்டு திருப்பிக் கேட்டு வாங்கினேன்.

அடிச்சு முடிய அடுத்த சண்டை. "என்ட போன்ல பளீர் எண்டு இருந்த கடல் இதுல ஏன் செத்துப்போய்க் கிடக்கு?" போன் காட்டுறது வெளிச்சம், நான் அடிக்கிறது மை. அந்தப் பச்சை கலந்த நீலம் சீஎம்வைகே எண்ட நாலு அச்சு மையுக்குள்ள இல்லவே இல்ல. கேன்வாவுல காசு கட்டாத கணக்குல சீஎம்வைகேயா இறக்கவும் ஏலாது. ஜிம்ப் வேலை செய்யிறது ஆர்ஜிபியில (ஸ்கிரீன் வெளிச்சத்துட நிறம்), ஆனா 'சொஃப்ட் ப்ரூஃப்' போட்டா மையில எப்பிடி வரும் எண்டு முதலே கிட்டத்தட்டக் காட்டும். க்ரிட்டாவுல நேரடியா சீஎம்வைகேயிலயே வேலை செய்யலாம்.

நான் கோரல்ட்ரோ. அது ஆகச் சிறந்தது எண்டு இல்ல, எனக்குத் தெரிஞ்ச பனர்கடை எல்லாம் அதுதான், ஃபைல் கைமாறுறது லேசு. எங்களுக்கு எதுல செய்தீங்க எண்டது தேவையில்ல. எழுத்தை 'பாத்' (வெறும் கோட்டு உருவம்) ஆக்கி, பீடிஎஃப் ஆத் தாங்க. பொன்ட் இல்ல, கொம்பு உடைஞ்சிட்டு எண்ட கதையே வராது.

மூதூர் கமரா

டிசைன்காரரின்ர பேச்சுக்குள்ள நான் பூருறன், குறை நினைக்காதேங்கோ. நான் கலியாணவீடு, சாமத்திய வீடு படம். லேயர் எல்லாம் எனக்கு ரெண்டாம் பட்சம்.

ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோட புறாத்தீவுக்குப் போய்த் தண்ணிக்குள்ள எடுத்த படங்களிலதான் எனக்குப் புத்தி வந்தது. தண்ணி முதல்ல தின்னுறது சிவப்பைத்தான். பவளப்பாறை எல்லாம் சாம்பல், மனுசர் எல்லாம் நீலம். ஜேபெக்கில எடுத்ததுகளில சிவப்பைக் கூட்டக் கூட்டப் புள்ளி புள்ளியா வந்துது. ஒரு நிறத்துக்கு 256 படிதானே இருக்கு. ரோவில (கமரா பிடிச்சதை அப்பிடியே வைக்கிற ஃபைல்) எடுத்ததுகள் டார்க்டேபிள் எண்ட சொஃப்ட்வெயரில வைட் பலன்ஸ் மாத்தினதோட பாதி சரி. 14 பிட் எண்டால் 16384 படி, இழுக்க இடம் இருக்கு. டார்க்டேபிள் காசில்லை, ஆனால் திறந்த முதல் நாள் அழுகை வரும். பித்தான்கள் அவ்வளவு.

மட்டிக்களி தூரிகை

அக்கா, நான் இன்னும் படிக்கிறன், சொந்தமா கம்பியூட்டர் இல்லை. ஃபோட்டோபீ ஆரும் சொல்லேல்லை. பிரவுசரில திறந்தால் போதும், இன்ஸ்டோல் இல்லை, போட்டோஷொப்பின்ர பிஎஸ்டி ஃபைலும் திறக்கும். படம் ஒரு சேர்வருக்கும் போறதில்லை, இருக்கிற மெஷினுக்குள்ளயேதான் வேலை நடக்குது. விளம்பரம் ஒரு ஓரமா நிக்கும், அவ்வளவுதான்.

அஃபினிட்டி எண்ட டிசைன் சொஃப்ட்வெயரை 2024ல கேன்வா வாங்கி, 2025 ஒக்டோபரில இலவசமாக்கினதை எல்லாரும் கொண்டாடினாங்கள். முந்திய 2ஆம் பதிப்பில தமிழைக் கோக்கிற வசதி இல்லை. புதுசை எடுக்கிற ஆக்கள் அக்காவின்ர 'திருக்கோணேஸ்வரம்' சோதனையை முதல்ல வச்சுப் பாருங்கோ. தமிழ்த் தலைப்பை இன்க்ஸ்கேப்பில எழுதி, பாத் ஆக்கி, எஸ்விஜி ஃபைலாக் கொண்டுபோனால் எதுக்குள்ளயும் உடையாது. நான் போஸ்டர் எல்லாம் அப்பிடித்தான்.

அம்மம்மாவின்ர படத்துக்கு என்ன செய்தனீங்கள் அக்கா? பழைய படம் எண்டால் அதுதானே பெரிய வேலை.

உப்புவெளிக்காரி

தம்பி, அதைத்தான் சொல்ல வந்தனான். அவை தந்தது ஐடென்டிகார்ட்டுக்கு எடுத்த ஸ்டூடியோப் படம், கறுப்பு வெள்ளை, 35க்கு 45 மில்லிமீட்டர். கல்வெட்டு ஏ5 அளவு. முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐயில (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1748க்கு 2480 பிக்சல் வேணும். 1200 டிபிஐயில ஸ்கேன் பண்ணினதில 1650 சொச்சத்துக்கு 2120 சொச்சம் வந்துது. சுத்தி ஒரு கரை விட்டுச் சமாளிச்சாச்சு.

படம் முழுக்கப் பூஞ்சணம், கன்னத்துக்குக் குறுக்கால ஒரு மடிப்பு. ஜிம்ப்பின்ர 'ஹீல்' கருவியால ரெண்டு இரவு இருந்து ஒவ்வொரு புள்ளியாத் துடைச்சன். பெரிய மகளுக்குக் காட்டினன். கனநேரம் பாத்தா. "வடிவா இருக்கு பிள்ளை. ஆனால் இது அம்மா மாதிரி இல்லை" எண்டா. ஏன் எண்டு அவவுக்கும் சொல்லத் தெரியேல்லை. நல்ல காலம், ஒறிஜினல் லேயரைத் தொடாமல் கொப்பி எடுத்து அதுக்கு மேலதான் செய்தனான். மேல் லேயரை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினன். நாலாம் தரம் அவ ஸ்கிரீனில விரலை வச்சா. மூக்குத்தி. பூஞ்சணப் புள்ளி எண்டு நினைச்சு நான் அதையும் துடைச்சுப்போட்டன்.

லேயர் மாஸ்க்கில (மேல் லேயரில வேண்டிய இடத்தை மறைக்கிற வசதி) அந்த இடத்தை மட்டும் திறந்து விட்டன். பிரெஸ்ஸுக்குப் பீடிஎஃப் போயிட்டுது, ப்ரூஃப் நாளைக்கு எண்டவை. கிண்ணியா நானா, அட்டை கடும் நீலம் வச்சிருக்கிறன். மையுக்குள்ள வருமோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?

கிண்ணியா பனர்கடை

அனுப்புங்க தங்கச்சி. டொக்கியுமென்டா.