அப்டேட்: பழைய கார் சீட்ட என்ன பண்ணேன்னா
போன வாரம் கேட்டிருந்தேன்ல, சின்னவனுக்கும் பத்தாமப் போன கார் சீட்ட (கார்ல குழந்தைய பெல்ட் போட்டு உக்கார வைக்கிற தனி சீட்டு) யாருக்காவது குடுக்கலாமான்னு. கவுத்துப் பாத்தா அடியில 2015ல செஞ்சது, 2023 வரைக்கும்தான்னு பிளாஸ்டிக்லயே அச்சு இருக்கு, இத்தன வருஷம் வெயில்ல கார்க்குள்ள வெந்தது வேற, ஒரு தடவ பின்னாடி ஒருத்தன் நல்லா இடிச்சும் இருக்கான், இத எப்படி இன்னொரு குழந்தைக்குக் குடுக்குறது? மச்சினி கேட்டா, குடுக்கல, கொஞ்சம் கோவம்தான்.

துணியக் கழட்டி, பெல்ட் எல்லாத்தையும் வெட்டி (சமையல்கட்டு கத்திரிக்கோல் காலி, வீட்ல திட்டு), மார்க்கர்ல பெருசா "காலாவதி, யூஸ் பண்ணாதீங்க"ன்னு எழுதித்தான் காயலான் கடையில போட்டேன், முழுசாப் போட்டா தொடச்சு வித்துடுவாங்க. குழந்தை படியில விழாம இருக்க மாட்டுற படிக்கட்டு கேட் மட்டும் நல்லாத்தான் இருக்கு, அத ஸ்க்ரூவோட கீழ்வீட்டுக்குக் குடுத்தாச்சு.